உன் குதிரையை நாங்கள் விற்கவில்லை

எய்யா,

போன ஞாயிற்றுக்கிழமை பூசையில் உனக்கும் ரோசிக்கும் முதல் கல்யாண ஓலை வாசித்தார்கள். சாமியார் உன் பெயரைச் சொன்னதும் உன் அப்பா என் முழங்கையை இடித்தார், ஏதோ எனக்குக் காது கேட்காதது மாதிரி. வீட்டுக்கு வந்து உனக்குப் போன் போட்டால், நீ ஓலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, “எம்மா, அந்தக் குதிரைய வித்தாச்சா?” என்றாய். “பாத்துக்கிட்டு இருக்கோம்யா” என்றேன். நீ கேட்கும்போதெல்லாம் இதைத்தான் சொல்லி வந்திருக்கிறேன். அது பொய் இல்லை. காலையும் மாலையும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். நம் வீட்டுக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், தென்னை ஓலைக் கொட்டகைக்குள் அது நிற்கிறது. கல்யாணத்துக்கு நீ வந்து இறங்கும்போது அதை அங்கே பார்த்துத் திடுக்கிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் பாதியில் குறுக்கே பேசுவாய், இல்லையென்றால் உன் கப்பலில் சிக்னல் போய்விடும். காகிதத்தில் என்றால் கடைசிவரை நான்தான் பேசுவேன்.

போன லீவில் நீ அதைக் கயத்தாறு பக்கத்திலிருந்து மினி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வண்டியில் பூட்டிப் பழகாத இளங்குதிரை. இறங்கும்போதே வெண்ணிறம் தெரியக் கண்ணை உருட்டியது. காது இரண்டும் ஒரு நொடிகூட ஓரிடத்தில் நிற்கவில்லை. நீ அதற்குப் புயல் என்று பெயர் வைத்தாய். பந்தய வண்டி ஓட்டி அனுபவமுள்ள உன் கூட்டாளி அந்தோணி, இதற்குச் சாதாரணக் கடிவாளம் போதாது என்று சொல்லி, முள் கடிவாளம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். வாய்க்குள் கிடக்கும் இரும்பில் கூர்கூராகப் பல் வைத்தது. சின்னதாய் வாரை இழுத்தாலே போதும், எப்பேர்ப்பட்ட குதிரையும் நின்றுவிடும் என்றான். நீ நம்பினாய். அந்தோணியும் நம்பித்தான் சொன்னான். அவனுக்கும் அப்படித்தான் யாரோ சொல்லிக் கொடுத்திருப்பார்கள்.

அது நிற்கவில்லை. நீ வண்டியில் பூட்டி ஓட்டிப் போனபோது, உப்பளத்துச் சாலையில் ஒரு உப்புக் குவியலை மூடியிருந்த பிளாஸ்டிக் தாள் காற்றில் பிய்ந்து பறந்ததும் மிரண்டு ஓடியது. நீ இழுத்தாய். இழுக்க இழுக்க வாயில் வலி, வலிக்க வலிக்க ஓட்டம். பாலத்தடியில் வண்டி கவிழ்ந்து உன் தோள் பிசகியது. கட்டுப்போட்ட கையோடு நீ கொட்டகைக்கு முன்னால் நின்று அதைப் பார்த்துக் கத்தினாயே, தெரு முழுக்கக் கேட்டது. அதற்காக நான் உன்னைக் குறை சொல்ல மாட்டேன். உயிர் பயம் கண்ட மனுஷன் கத்தத்தான் செய்வான். நானும் விளையாட்டு டீச்சராக இருந்த காலத்தில், கயிறு ஏறும் பிள்ளை விழுந்துவிடுமோ என்று பயந்தபோதெல்லாம் விசிலை ஓங்கித்தான் ஊதியிருக்கிறேன். தோள் சரியானதும் நீ கப்பலுக்குப் போய்விட்டாய். போகும்போது, “வித்துருங்க, எம்புட்டுக்குப் போனாலும் சரி” என்றாய்.

விற்கத்தான் இருந்தோம். உண்மையாகவே. திருச்செந்தூர் பக்கத்திலிருந்து ஒருவர் பார்க்க வந்தார். நல்ல மனுஷன்தான், சிரித்த முகம். காலைத் தூக்கிப் பார்த்தார், முதுகைத் தடவினார், பிறகு வாயைத் திறந்தார். நான் பக்கத்தில் நின்றேன். அதுவரை நான் அதன் வாயைப் பார்த்ததே இல்லை, எய்யா. உதட்டோரம் இரண்டு பக்கமும் ரணம். நாக்கின் நடுவே ஒரு வெட்டு, பாதி ஆறியும் ஆறாமலும். அந்த மனுஷன் சாவகாசமாகச் சொன்னார்: “வாயி மரத்துப் போயிருக்கு டீச்சர். இதுக்கு இன்னும் கூரா முள்ளு வச்சாத்தான் கேக்கும்.”

“அண்ணாச்சி, மன்னிச்சிக்கிடுங்க. இது விக்கதுக்கு இல்ல” என்று சொல்லிவிட்டேன். அவரும் திகைத்தார், உன் அப்பாவும் திகைத்தார். அவர் போனதும் உன் அப்பா என்னைப் பிடித்துக்கொண்டார். “ஏளா, உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? நீ நெட்பால் சொல்லிக் குடுத்தவ. நான் கப்பல் இழுக்க டக்கு போட்டுல கெடந்தவன். நம்ம ரெண்டு பேரும் குதிரைய வச்சி என்ன செய்யதுக்கு?” “வாயி ஆறட்டும். பெறகு விப்போம்” என்றேன். அப்போது அப்படித்தான் நினைத்தேன்.

கால்நடை டாக்டரம்மா வந்து பார்த்தாள். ரோசி வயதுதான் இருக்கும். வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு என் விரலைப் பிடித்து உள்ளே வைத்து, “இத தொட்டுப் பாருங்க” என்றாள். கடைவாய்ப் பற்களுக்கு முன்னால் ஆணி முனை மாதிரி ஒரு குட்டிப் பல். எல்லாக் குதிரைக்கும் இருக்காதாம். இதற்கு இருந்திருக்கிறது, கடிவாள இரும்பு போய் இடிக்கும் இடத்திலேயே. அதாவது நீ வாரைத் தொட்டபோதெல்லாம் ஒரு பக்கம் முள், மறுபக்கம் இந்தப் பல். மயக்க ஊசி போட்டு அதை எடுத்தாள். வாய் முழுவதும் ஆறும்வரை இரும்பே காட்டக்கூடாது, வெறும் தலைக்கயிற்றில் நடத்துங்கள், அப்புறம் வழவழப்பான தடித்த கடிவாளம் போடுங்கள் என்றாள். “ஆனா ஒண்ணு. வாயி சீக்கிரம் ஆறிடும் டீச்சர். பயம் ஆறதுக்கு நாளாகும்.”

நாளானது. நான் தினமும் விடிந்ததும் அதைத் தலைக்கயிற்றில் பிடித்து உப்பளத்து வரப்பில் நடத்திப் போவேன். முதலில் அது என்னை நடத்திப் போனது என்பதுதான் சரி. தெருவில் எல்லாரும் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். என் பழைய மாணவி ஒருத்தி ஸ்கூட்டியை நிறுத்தி, “டீச்சர், ரிட்டயர் ஆனதுக்கு அப்புறம் இவனுக்கா டிரில் எடுக்கீய?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பிள்ளைகளின் உடம்பைப் பார்த்தே பழகிய கண் எனக்கு. கழுத்து விறைத்திருக்கிறதா, மூச்சு மேலே மேலே ஓடுகிறதா, தாடையை இறுக்கிக் கடித்திருக்கிறதா என்று பார்ப்பேன். ஓடத் தெரியாத பிள்ளை வேறு, பயத்தில் ஓட முடியாத பிள்ளை வேறு. இது இரண்டாவது வகை. கைக்கு அடங்காத முரடு என்று நாம் நினைத்தோமே, அது முழுக்கப் பயம்தான், எய்யா.

ரப்பர் உறை போட்ட மென்மையான கடிவாளத்தை டாக்டரம்மாதான் சென்னையிலிருந்து வரவழைத்துக் கொடுத்தாள். நடுவில் இணைப்பு வைத்து, கையில் பிடித்தால் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் மாதிரி இருந்தது. அதைக் கண்டதும் புயல் செய்த அமர்க்களத்தை எப்படிச் சொல்ல! இரும்பு குலுங்கும் ஓசை கேட்டதுமே தலையைக் கொட்டகைக் கூரைவரை தூக்கிக்கொண்டது. எனக்கு எட்டவில்லை. அன்றைக்கு அதை விட்டுவிட்டேன். மறுநாளிலிருந்து கடிவாளத்தை என் தோளில் மாட்டிக்கொண்டே புல் போட்டேன், தண்ணீர் காட்டினேன், முதுகைத் தேய்த்தேன். அது குலுங்கிக் குலுங்கி, கடைசியில் கொலுசுச் சத்தம் மாதிரி ஆகிவிட்டது. அப்புறம் உடன்குடிக் கருப்பட்டியைத் தண்ணீர் விட்டுக் குழைத்து ரப்பரில் தடவினேன். உன் அப்பா தள்ளி நின்று, “எனக்குக் காப்பிக்குக் கருப்பட்டி இல்லங்கா, குதிரைக்குப் பூசுதா” என்று முணுமுணுத்தார். புயல் மோந்து பார்த்தது, நக்கியது, ஒருநாள் தானாகவே வாயைத் திறந்து வாங்கிக்கொண்டது. வாங்கிக்கொண்டு நான் எதையும் இழுக்காமல் நிற்பதைப் பார்த்து அதற்கே ஆச்சரியம். கொஞ்ச நேரம் மென்றது. பிறகு தலையைத் தாழ்த்தி மூக்கு வழியாக நீளமாக ஒரு மூச்சு விட்டது பார், என் சேலை முந்தானை ஆடியது.

அதற்குப் பிறகு எல்லாம் சுலபமாகப் போனது என்று எழுத ஆசைதான். போகவில்லை. வண்டி பூட்டாமல், நீள வாரைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னால் நடந்து பழக்கினேன். ஒருநாள் எனக்குத் தலைவலி, வெயிலும் ஏறிவிட்டது. திரும்பச் சொன்னால் திரும்பாமல் நின்றது. வெடுக்கென்று இழுத்துவிட்டேன். மென்மையான கடிவாளம்தான், ஆனாலும் அது பழைய வலியை நினைத்துக்கொண்டு துள்ளி, வாரை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவிட்டது. நான் உள்ளங்கை எரிய நடந்து வந்தால், உன் அப்பா கொட்டகை வாசலில் நிற்கிறார். திட்டுவார் என்று நினைத்தேன். கையை விரித்துப் பார்த்து மருந்து போட்டுவிட்டுச் சொன்னார்: “ஏளா, டக்கு கயித்த வெடுக்குன்னு இழுத்தா அறுந்து போகும். பெரிய கப்பல அப்படி இழுத்தா அது கேக்குமா? மெல்ல எடை குடுக்கணும். அது இத்தினி அசஞ்சதும் கயித்தத் தளத்தணும். அப்பத்தான் அடுத்த இழுப்புக்கு வரும்.” துறைமுகத்தில் ஆயுசு முழுக்கக் கப்பல்களை இழுத்துக் கட்டிய மனுஷன், எய்யா. அதுவரை அவர் குதிரைக்குப் பத்தடி தூரத்துக்குள் வந்ததில்லை. அன்று சாயங்காலம் முதல் என்கூட வரப்பில் நடந்தார். நான் இறுக்கினால், “தளத்து, தளத்து” என்று பின்னாலிருந்து குரல் வரும். சில நாள் எரிச்சலாகத்தான் இருந்தது.

உன் அப்பாவைப் பற்றிச் சொல்ல வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். கல்யாணமான புதிதில் அவர் வேலையிலிருந்து வந்தால் ஒரு பேச்சும் இருக்காது. முகத்தைக் கழுவிக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்துவிடுவார். நான் வாயாடி. “என்ன, ஏது, யாரு என்ன சொன்னா?” என்று குடைந்துகொண்டே இருப்பேன். அவர் இன்னும் இறுகிக்கொள்வார். ஒருநாள் எனக்கும் அலுப்பு, தேத்தண்ணியை வைத்துவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டேன். கொஞ்ச நேரத்தில் அவரே உள்ளே வந்து, கூட வேலை பார்த்த ஒருவருக்கு அன்றைக்குக் கயிற்றில் சிக்கிக் கால் போன கதையைச் சொல்லி அழுதார். ரோசியும் அவரை மாதிரிதான், பார்த்துக்கொள். யோசித்துத்தான் பேசுவாள். நீ என்னை மாதிரி. ஒரு கேள்விக்குப் பதில் வருவதற்குள் அடுத்ததைக் கேட்பாய். கேட்டுவிட்டுக் கொஞ்சம் காத்திரு. மௌனமாக இருக்கிறாளே, கோபமோ என்று நீயாக ஒரு முடிவுக்கு வந்து குரலை உயர்த்தாதே.

இனி அந்தோணி கதை. மூன்று மாதம் வெளியூர் வேலைக்குப் போயிருந்தவன் திரும்பி வந்ததும் நேராக நம் வீட்டுக்கு வந்தான். “என்ன டீச்சர், குதிரைய விக்கலியாமே! எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லப்பிடாதா? அடுத்து வார பந்தயத்துல பூட்டிருவேம்லா” என்றான். மாட்டியிருந்த கடிவாளத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டான். “ரப்பர் சப்புத குதிரைய வச்சி என்ன செய்யப் போறீய? பந்தயத்துக்கு அனுப்பப் போறியளா, பால்வாடிக்கு அனுப்பப் போறியளா?” பேசிக்கொண்டே உள்ளே போய்ப் பழைய முள் கடிவாளத்தை எடுத்து வந்தான். புயல் அதைப் பார்த்தது. பின்னுக்குப் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நடுங்கியது. கழுத்தெல்லாம் வேர்வை. அந்தோணியே அதைப் பார்த்துவிட்டான், ஆனால் கையைத் தாழ்த்தவில்லை.

“ஏலே, அத அங்கனயே போடு” என்றேன். பள்ளிக்கூட மைதானக் குரல் வந்துவிட்டது. “இந்தக் கடிவாளத்தோடயே வண்டியப் பூட்டு. நீ ஓட்டு. நான் பக்கத்துல உக்காருதேன். அடங்கலன்னா பெறகு பேசுவோம்.”

“டீச்சர், அது தூக்கி எறிஞ்சிச்சின்னா உங்க மகனுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?”

“அவனுக்கு நான் சொல்லிக்கிடுதேன்” என்றேன். அதைத்தான் இப்போது சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

உப்பளத்துச் சாலைவரை நன்றாகவே போனது. அந்தோணி வாரை இறுக்கித்தான் பிடித்திருந்தான், பழக்கம். துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர் லாரி ஒன்று எங்களைத் தாண்டும்போது அதன் டயர் வெடித்தது. வேட்டுப் போட்ட மாதிரி சத்தம். புயல் நாலு காலும் தரையில் படாமல் பாய்ந்தது. அந்தோணி பின்னால் சாய்ந்து இரண்டு கையாலும் இழுத்தான். அது தலையை மேலே தூக்கிக்கொண்டு இன்னும் வேகம் எடுத்தது. ஒரு சக்கரம் தார்ச்சாலையில், இன்னொரு சக்கரம் மண் விளிம்பில். கீழே பாத்தியில் உப்புத் தண்ணீர். கவிழ்ந்தால் குதிரையும் நாங்களும் ஒன்றாகத்தான் போவோம். நீ கவிழ்ந்த நாள் என் கண்ணில் வந்து போனது. “விடுலே! கையத் தளத்து!” என்று கத்தினேன். அவனுக்குக் கேட்கவில்லை. அவன் கையின் மேல் என் கையை வைத்து முன்னால் தள்ளினேன். வார் தளர்ந்தது. ஒரு நொடி, வண்டியில் பிரேக்கே இல்லாத மாதிரி இருந்தது. எனக்கும் நம்பிக்கை இல்லை, எய்யா, உண்மையைச் சொல்கிறேன். பிறகு வலது வாருக்கு மட்டும் மெல்ல எடை கொடுத்து, விட்டேன். திரும்பக் கொடுத்து, விட்டேன். “மெல்ல… மெல்ல…” என்று வரப்பில் சொல்லும் அதே வார்த்தையைச் சொன்னேன். அதன் ஒரு காது பின்னால் திரும்பியது. நான் இருக்கிறேனா என்று கேட்கிற மாதிரி. தலை கொஞ்சம் இறங்கியது. பாய்ச்சல் ஓட்டமாகி, ஓட்டம் நடையாகி, ஒரு உப்புக் குவியலுக்குப் பக்கத்தில் தானாகவே நின்றது.

அந்தோணி இறங்கிப் போய் அதன் வாயைத் திறந்து பார்த்தான். வெள்ளை நுரைதான், சிவப்பு இல்லை. பிறகு தன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “டீச்சர், என் கை வலிக்கல” என்றான். ஒவ்வொரு பந்தயம் முடிந்ததும் வெந்நீரில் கையைப் போட்டுக்கொண்டு உட்காருவானே, உனக்குத்தான் தெரியுமே. அன்றிலிருந்து அவனும் சாயங்காலம் வருகிறான். கூட்டாளிகள் அவனைக் கேலி செய்கிறார்களாம். “பேசுதவன் பேசட்டும்” என்கிறான். புயல் பந்தயத்தில் ஜெயிக்குமா என்று எனக்குத் தெரியாது. இன்னும் பிளாஸ்டிக் தாள் பறந்தால் உடம்பைச் சுருக்கிக்கொள்கிறது. ஆனால் ஓடிப் போவதில்லை, நின்று நடுங்கிவிட்டு நடக்கிறது.

கடைசியாக ஒன்று இருக்கிறது. எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். உனக்கு வருத்தமாக இருக்கும். இருந்தாலும் நீ தெரிந்துகொண்டுதான் அதன் பக்கத்தில் போகவேண்டும். வாய் ஆறிக்கொண்டிருந்த சமயம், ஒரு காலையில் கொள்ளு வைத்துக்கொண்டிருந்தபோது உன் குரல் செய்தி வந்தது. கையில் வாளி இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன். “எம்மா, எப்படி இருக்கீய? அத வித்தாச்சா?” அவ்வளவுதான் நீ சொன்னது. சாதாரணமாகத்தான் பேசினாய். புயல் வாயில் இருந்த கொள்ளைச் சிந்திவிட்டு, பின்னால் போய், சுவரில் உடம்பை ஒட்டிக்கொண்டு, சாணி போட்டுவிட்டது. நீ கத்திய நாளை அது உன் குரலில் வைத்திருந்தது. என் பிள்ளையின் குரலைக் கேட்டு ஒரு உயிர் நடுங்குவதை நின்று பார்ப்பது எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல். நான் வாளியைக் கீழே வைத்துவிட்டு அழுதேன். உன் அப்பாவுக்கு இன்னும் தெரியாது.

அதற்குப் பிறகுதான் உன்னிடம், “தெனமும் ஏதாவது பேசி அனுப்புய்யா, நீளமா” என்று கேட்டேன். அம்மாவுக்குத் தனிமை என்று நீ நினைத்தாய். ரோசியிடம்கூடக் கவலையாகச் சொன்னாயாம். நீயும் சலிக்காமல் அனுப்பினாய். இன்ஜின் அறை வெக்கை, சமையல்காரர் வைக்கும் சாம்பார், மாலத்தீவுப் பக்கம் கூடவே துள்ளி வந்த ஓங்கில் மீன் கூட்டம், நடுக்கடலில் பெய்த மழை, ரோசிக்கு என்ன நிறத்தில் சேலை எடுப்பது என்ற குழப்பம். எல்லாவற்றையும் நான் கேட்டேன், எய்யா. என்னுடன் அதுவும் கேட்டது. ஆரம்பத்தில் போனைத் தூரத்தில், சன்னமான சத்தத்தில் வைத்தேன். அப்புறம் கொஞ்சம் பக்கத்தில். கொள்ளு தின்னும்போதும் முதுகு தேய்க்கும்போதும் உன் குரல்தான். அது சுவரை விட்டு விலக நாளானது, உன் குரல் ஓடும்போது தின்ன இன்னும் நாளானது. போன வாரம் நீ எதற்கோ விழுந்து விழுந்து சிரித்து ஒரு செய்தி அனுப்பினாயே, அதைப் போட்டபோது அது தின்பதை நிறுத்திவிட்டு முன்னால் வந்து, போனை மோந்து, நக்கிவிட்டது. திரையெல்லாம் எச்சில். நான் துடைக்கவே இல்லை, அப்படியே வைத்துக்கொண்டு நின்றேன்.

நீ வா. அது உன் குதிரை. வைத்துக்கொள்வதும் ஓட்டுவதும் உன் இஷ்டம், அதில் நான் குறுக்கே நிற்க மாட்டேன். வந்த முதல் நாள் சொந்தக்காரர்கள் நிறைந்திருப்பார்கள், அன்று வேண்டாம். மறுநாள் விடியற்காலையில் கொள்ளு வாளியை அடுப்படி வாசலில் வைத்திருப்பேன். அன்றைக்கு நான் கொட்டகைக்குப் போக மாட்டேன். நீ போ. கையை நீட்டி அதன் தலையைத் தொடாதே, நின்று பேசு, எதையாவது பேசு. வருவதா வேண்டாமா என்று அது யோசிக்கட்டும்.

போனை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போ.

அம்மா